குறட்டை ஓய்ந்தால் போதுமா? ஸ்லீப் ஆப்னியா பற்றிய வாசகர் கேள்விகள்

சென்ற மாதம் இப்பகுதியில் உயர் ரத்த அழுத்தம் பற்றி எழுதியபோது, மூன்று வகை மாத்திரைகள் உட்கொண்டும் அழுத்தம் இறங்காதவர்கள் தங்கள் தூக்கத்தையும் ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நல்லது என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். கட்டுரையின் மற்றப் பகுதிகளை விட்டுவிட்டு, வாசகர்கள் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார்கள். உறக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு அடிக்கடி நின்றுபோகும் ஸ்லீப் ஆப்னியா என்ற நோயைப் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவது முறை: நானும் இந்நோய்க்காக ஒன்பது ஆண்டுகளாக, மூக்குக்குள் காற்றைச் செலுத்தும் சிபாப் என்ற கருவியின் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு உறங்குகிறவன். ஆகவே மருத்துவன் சொல்வதும் நோயாளி சொல்வதும் இப்பதில்களில் கலந்தே இருக்கும்.

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. அவர் விடும் குறட்டைக்கு நானும் பிள்ளைகளும் பழகிவிட்டோம். ஆனால் சில மாதங்களாகக் குறட்டை திடீரென்று நின்று, மூச்சே இல்லாமல் கிடந்து, பிறகு திணறிக்கொண்டு மறுபடி மூச்சு விடுகிறார். நான் பயந்து எழுப்பினால், “அசதியில் தூங்குகிறேன், இதற்கும் ஒரு நோய்ப் பெயர் வைக்காதே” என்று சலித்துக்கொள்கிறார். இது பயப்பட வேண்டிய விஷயந்தானா?
– வாசகி, ஈரோடு

பதில்: பயப்பட வேண்டாம், ஆனால் தள்ளிப் போடவும் வேண்டாம். மூக்குக்குப் பின்னாலிருந்து குரல்வளை வரையுள்ள மூச்சுப் பாதையைச் சுற்றி, அதை எப்போதும் திறந்தே வைத்திருக்கும்படியான எலும்புக்கூடு கிடையாது. விழித்திருக்கும்போது தசைகள் அதைத் திறந்து பிடித்துக்கொள்கின்றன. உறக்கத்தில் அத்தசைகள் தளர்கின்றன. பாதை சற்றே குறுகினால் அண்ணமும் உள்நாக்கும் அதிர்ந்து குறட்டையாகிறது. முழுவதும் ஒட்டிக்கொண்டால் காற்று நின்றுவிடுகிறது. பத்து வினாடியோ அதற்கு மேலோ காற்று நின்றால் அதை ஒரு மூச்சுத்தடை என்று கணக்கிடுகிறோம். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்ததும் மூளை அவரைச் சில வினாடிகள் தட்டி எழுப்புகிறது. நீங்கள் கேட்கும் திணறல் அந்த எழுப்பல்தான். ஆனால் அது அவர் நினைவில் பதிவதில்லை. அதனால்தான் எட்டு மணி நேரம் நன்றாகத் தூங்கினேன் என்று அவர் மனமறிந்து பொய் சொல்லாமலே சொல்கிறார். அசதியால் அப்படித் தூங்குகிறார் என்று அவர் நினைக்கிறார். அப்படித் தூங்குவதால்தான் அசந்துபோகிறார்.

இத்தகைய முழுத் தடைகளும் பாதித் தடைகளும் ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக எத்தனை என்பதே ஏ.எச்.ஐ. எனப்படும் எண். அது 5 முதல் 15 வரை இருந்தால் லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரமானது, 30-க்கு மேல் கடுமையானது. கடுமையான நிலையில் உள்ள ஒருவர் இரவு முழுவதும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறையாவது கழுத்தை நெரித்து விட்டுவிட்டது போன்ற நிலைக்கு ஆளாகிறார் என்று பொருள். ரத்த அழுத்தம் ஏறுவதும், காலையில் தலை கனப்பதும், காரணமில்லாமல் எரிந்து விழுவதும் அதன் பின்விளைவுகள். இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுந்து செல்கிறாரா என்றும் கவனியுங்கள். மூடிய தொண்டைக்கு எதிராக மூச்சை இழுக்க முயலும்போது நெஞ்சுக்குள் உண்டாகும் எதிரழுத்தம் இதய மேலறைகளை விரியச் செய்கிறது. உடலில் நீர் மிகுந்துவிட்டது என்று தவறாக எண்ணிக்கொண்டு, இதயம் சிறுநீரைப் பெருக்கும் ஹார்மோனைச் சுரக்கிறது. புராஸ்டேட் என்று நினைத்து வருபவர்களில் சிலருக்குக் கோளாறு தொண்டையில் இருப்பது இதனால்தான்.

அவரோடு வாதாடாதீர்கள். ஓர் இரவு, தடை வந்து போவது தெரியும்படி மூன்று நிமிடம் கைப்பேசியில் படம் பிடித்து, காலையில் காப்பி குடிக்கும் நேரத்தில் அவரிடம் காட்டுங்கள். என் அனுபவத்தில், ஆண்களை மருத்துவரிடம் கொண்டுவந்து சேர்ப்பதில் இதைவிடச் சிறந்த மருந்து இல்லை. என் மனைவியும் இதைத்தான் செய்தார். பிறகு நுரையீரல் மருத்துவரிடமோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ ஸ்லீப் ஸ்டடி கேளுங்கள். வேறு பெரிய நோய்கள் இல்லாதவருக்கு, வீட்டிலேயே விரலிலும் மூக்கிலும் நெஞ்சிலும் கருவி பொருத்திச் செய்யும் சோதனை பெரும்பாலும் போதும். இதய நோய், பக்கவாதம், கடும் நுரையீரல் நோய் உள்ளவர்கள் மருத்துவமனையில் ஓரிரவு தங்கி, மூளை அலைகளையும் சேர்த்துப் பதிவு செய்யும் முழுச் சோதனையைச் செய்துகொள்வதே சரி.

கேள்வி: சொந்தமாக லாரி வைத்து ஓட்டுகிறேன். வயது 51. ஏ.எச்.ஐ. 41, ரத்தத்தில் ஆக்சிஜன் 74 விழுக்காடு வரை இறங்கியது என்று அறிக்கையில் உள்ளது. சிபாப் கருவி வாங்கி ஆறு வாரம் போட்டேன். வாய் காய்கிறது, வயிறு ஊதுகிறது, நடு இரவில் என்னை அறியாமலே மாஸ்க்கைக் கழற்றி எறிந்துவிடுகிறேன். இப்போது கருவி பரணில் இருக்கிறது. ஒரேயடியாக ஆபரேஷன் செய்து முடித்துக்கொள்ள வழி உண்டா?
– வாசகர், நாமக்கல்

பதில்: ஆபரேஷன் பேச்சை அடுத்த கடிதத்தில் விரிவாகப் பார்க்கலாம். உங்கள் எண்ணுக்கு இன்றும் முதல் சிகிச்சை அந்தப் பரணில் இருக்கும் கருவிதான். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் இம்முறையைப் பற்றி 1981-இல் எழுதும் வரை, கடுமையான நோயாளிகளுக்கு உறுதியான தீர்வு என்று இருந்தது ஒன்றே ஒன்று: கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்துவது. சல்லிவன் செய்தது, எதிர்ப்பக்கம் சுழலும் ஒரு தூசு உறிஞ்சி போன்ற விசிறியிலிருந்து மூக்குக்குள் சற்று அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தி, தொண்டையை ஊதிய பலூனைப் போலத் திறந்து வைத்ததுதான். இன்றைய கருவிகளும் அதையே நான்கு முதல் இருபது சென்டிமீட்டர் நீர் அழுத்தத்துக்குள், அதிக ஓசையின்றிச் செய்கின்றன.

நீங்கள் சொல்லும் மூன்று தொல்லைகளுக்கும் தனித்தனிக் காரணங்கள் உண்டு. வாய் காய்வது, மூக்கில் செலுத்தப்படும் காற்று வாய் வழியே வெளியேறுவதால். மூக்கடைப்பு இருந்தால் முதலில் அதற்கு மருந்து தேவை. அதன் பிறகும் வாய் திறந்துகொண்டால், வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க்குக்கு மாற வேண்டும், அல்லது கருவியோடு ஈரப்பதமூட்டி இணைக்க வேண்டும். வயிறு ஊதுவது காற்றை விழுங்குவதால். அழுத்தம் தேவைக்கு மேல் வைக்கப்பட்டிருக்கலாம், தானாக அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வகைக் கருவியில் இது பெரும்பாலும் குறையும். மாஸ்க்கை எறிவது மனம் இன்னும் அதற்குப் பழகாததால். இரவில் பழக முயல வேண்டாம். மாலையில் தொலைக்காட்சி பார்க்கும்போது அரைமணி நேரம் அதை மாட்டிக்கொண்டு உட்காருங்கள், இரண்டு வாரத்தில் முகம் பழகிவிடும். உங்களுக்கு அடர்ந்த மீசை இருந்தால் காற்று கசியும் என்பதையும் சொல்ல வேண்டும். நாமக்கல்காரர் ஒருவரிடம் மீசையை எடுக்கச் சொல்ல எனக்குத் துணிவில்லை. நாசித் துவாரங்களில் மட்டும் பொருந்தும் சிறிய வகை மாஸ்க் இருக்கிறது, விற்பனையாளரிடம் அதைக் கேளுங்கள். மாஸ்க் என்பது செருப்பைப் போல. பெட்டியில் வந்த முதல் அளவே எல்லோருக்கும் பொருந்தும் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது.

நடு இரவில் கழற்றுவதில் ஒரு தனி ஆபத்து உண்டு. கனவுகள் வரும் உறக்க நிலை விடியலை நெருங்க நெருங்க நீண்டுகொண்டே போகிறது; உடல் தசைகள் மிகவும் தளர்வது அந்நிலையில்தான், மூச்சுத்தடைகள் நீள்வதும் ஆக்சிஜன் அடிமட்டத்துக்கு இறங்குவதும் அப்போதுதான். மூன்று மணிக்கு மாஸ்க்கைக் கழற்றுகிறவர், மழை வலுக்கும் நேரம் பார்த்துக் குடையை மடக்குகிறார். இரவுக்கு நான்கு மணி நேரம் பயன்படுத்தினால் போதும் என்று யாரேனும் சொல்லியிருக்கலாம். அது கருவியை ஒருவர் பயன்படுத்துகிறாரா என்று கணக்குப் பார்ப்பதற்காக வைத்த கோடு. உறங்கும் நேரம் முழுவதும் பயன்படுத்துவதே சிகிச்சை.

கருவியின் பலன் பற்றியும் மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். பகல் உறக்கத்தை அது விரட்டும், ரத்த அழுத்தத்தைச் சிறிதளவு குறைக்கும், இவை உறுதி. மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தடுக்கும் என்று நாங்கள் நம்பியது அவ்வளவு உறுதியாகவில்லை. ஏற்கெனவே இதய, மூளை ரத்தக்குழாய் நோயுள்ள சுமார் 2,700 பேரிடம் நடந்து 2016-இல் வெளியான பெரிய ஆய்வில் அத்தகைய பலன் தெரியவில்லை. ஆனால் அதில் பங்கேற்றவர்கள் சராசரியாக ஓர் இரவுக்கு 3.3 மணி நேரமே கருவியை மாட்டியிருந்தார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

உங்கள் தொழிலை நினைத்து ஒன்றைக் கண்டிப்புடன் சொல்கிறேன். தொடர்ந்து சில வாரங்கள் முழு இரவும் கருவியைப் பயன்படுத்தி, பகலில் கண் சொருகுவது நின்றுவிட்டது என்று உறுதியாகும் வரை இரவு வண்டியை வேறு ஓட்டுநரிடம் கொடுங்கள். டீயும் வெற்றிலையும் பாட்டும் விழிப்பைத் தருவது போலத் தோன்றும். சில வினாடி உறக்கம் வரும்போது அது வந்தது ஓட்டுகிறவருக்கே தெரியாது.

கேள்வி: கல்லூரியில் விரிவுரையாளராக இருக்கிறேன். வயது 38, ஒல்லியான உடல்வாகு. ஏ.எச்.ஐ. 18. பல் மருத்துவர் வாய்க்கருவி போதும் என்கிறார். காது மூக்கு தொண்டை மருத்துவர் அண்ணத்தில் அறுவை செய்யலாம் என்கிறார். நண்பர் சிபாப் வாங்கச் சொல்கிறார். மூவரும் நம்பத் தகுந்தவர்களே. யார் சொல்வதைக் கேட்பது? அறிக்கையின் நகலை இணைத்துள்ளேன்.
– வாசகர், திருச்சி

பதில்: மூவரும் தத்தம் கையிலுள்ள கருவியின் வழியாக உங்கள் தொண்டையைப் பார்த்திருக்கிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் நீங்கள் அனுப்பிய அறிக்கையின் இரண்டாம் பக்கத்தை யாரும் உங்களுக்குப் படித்துக் காட்டவில்லை என்று நினைக்கிறேன். மல்லாந்து படுத்திருந்தபோது உங்கள் ஏ.எச்.ஐ. 29, ஒருக்களித்துப் படுத்திருந்தபோது 6. மல்லாந்து படுத்தால் நாக்கின் அடிப்பகுதியும் அண்ணமும் தம் எடையாலேயே பின்னால் சரிந்து பாதையை அடைக்கின்றன. பக்கவாட்டில் படுத்தால் உங்களுக்கு அது ஏறக்குறைய நிகழ்வதே இல்லை. எனவே பணம் செலவழிக்கும் முன், மல்லாந்து படுக்காமல் இருக்க வழி பாருங்கள். பனியனின் முதுகுப் பக்கத்தில் ஒரு பை தைத்து அதில் டென்னிஸ் பந்தைப் போட்டுக்கொள்வது பழைய முறை. புரளும்போது பந்து உறுத்தி, உடல் தானாகத் திரும்பிவிடும். நாளடைவில் பலர் அதைக் கைவிட்டுவிடுகிறார்கள் என்பதும் உண்மை. மல்லாந்தால் மெதுவாக அதிரும் பட்டைகளும் இப்போது கிடைக்கின்றன.

வாய்க்கருவி உங்களைப் போன்றவர்களுக்கு நல்ல வழி. அது கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னால் இழுத்துப் பிடிக்க, நாக்கும் அதனோடு முன்னே வருகிறது. உங்கள் பற்களின் அச்செடுத்துச் செய்து, வாரக்கணக்கில் சிறிது சிறிதாக முன்நகர்த்தி அளவு பார்க்கப்படும் கருவியையே சொல்கிறேன். வெந்நீரில் போட்டுக் கடித்து வடிவமைத்துக்கொள்ளும்படி இணையத்தில் விற்கப்படுவதை அல்ல. ஏ.எச்.ஐ.யைக் குறைப்பதில் சிபாப்தான் வல்லது. ஆயினும் வாய்க்கருவியை மக்கள் இரவில் அதிக நேரம் அணிகிறார்கள். ஆகவே லேசான, நடுத்தர நிலைகளில் இரண்டின் இறுதிப் பலனும் பெரிதும் வேறுபடுவதில்லை. முழுப் பலன் தரும் கருவியைப் பாதி இரவு அணிவதும், முக்கால் பலன் தருவதை முழு இரவு அணிவதும் கணக்கில் அருகருகே வந்து நிற்கின்றன. கருவியைப் பிடித்துக்கொள்ளப் போதிய உறுதியான பற்கள் இருக்க வேண்டும். தொடக்கத்தில் தாடை மூட்டு வலிக்கும், உமிழ்நீர் வழியும். பல ஆண்டுகள் அணிந்தால் மேல் கீழ்ப் பற்கள் சந்திக்கும் விதம் சற்று மாறக்கூடும். அதனால் பல் மருத்துவரை அவ்வப்போது பார்த்துவர வேண்டும்.

அறுவை சிகிச்சைக்கு வருவோம். உள்நாக்கையும் மென்னண்ணத்தின் ஒரு பகுதியையும் நீக்கித் தொண்டையை அகலப்படுத்தும் அறுவையை, இந்நோய்க்கென அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் ஃபுஜிதா என்ற மருத்துவர் அறிமுகப்படுத்தியதும் அதே 1981-இல்தான். ஆள் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல் எல்லோருக்கும் செய்தால் ஏறத்தாழ பாதிப் பேருக்கே அது குறிப்பிடத்தக்க பலன் தருகிறது. இரண்டு வாரங்கள் விழுங்கவே கடினமாயிருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்லத் தடைகள் திரும்புவதும் உண்டு. இதில் இன்னொரு சிக்கல்: அதிரும் அண்ணத்தை வெட்டியதும் குறட்டைச் சத்தம் குறைந்துவிடும், வீட்டில் எல்லோரும் மகிழ்ந்துவிடுவார்கள், ஆனால் நாக்கின் அடியில் அடைப்பு அப்படியே தொடர்ந்துகொண்டிருக்கும். சத்தம் என்ற ஒரே எச்சரிக்கையையும் இழந்து நோய் மௌனமாகிவிடும். லேசர் கதிரால் ஒரே அமர்வில் குறட்டைக்கு விடுதலை என்று பேருந்து நிறுத்தங்களில் காணும் விளம்பரங்களை நான் விரும்பாததற்குக் காரணம் இதுதான்.

அறுவையே வேண்டாம் என்பது என் கருத்தல்ல. டான்சில்கள் மிகப் பெரிதாக இருந்தால் அவற்றை நீக்குவது பெரியவர்களுக்கும் நன்கு பயன்படும். மயக்க மருந்தால் உறக்கத்தைப் போன்ற நிலையை உண்டாக்கி, மூக்கு வழியாகச் சிறு கேமராவை விட்டு, அடைப்பு எந்த மட்டத்தில் நிகழ்கிறது என்று பார்த்த பிறகு முடிவெடுக்கும் அறுவை நிபுணரிடம் எனக்கு நம்பிக்கை உண்டு. வளைந்த மூக்குத்தண்டை நிமிர்த்துவது மட்டும் ஏ.எச்.ஐ.யை அரிதாகவே குறைக்கிறது; ஆனால் பின்னாளில் மாஸ்க் அணிவதை எளிதாக்கும். இரு தாடைகளையும் வெட்டி முன்னகர்த்திப் பொருத்தும் பெரிய அறுவை மிகுந்த பலன் தருவது. முகத் தோற்றத்தையே மாற்றுவதால், தாடை உள்ளடங்கியவர்களுக்கும் வேறு வழி பலிக்காதவர்களுக்கும் அது ஏற்றது. நாக்கை அசைக்கும் நரம்பைத் தூண்டும் பேஸ்மேக்கர் போன்ற கருவியை மார்பில் பதிக்கும் முறைக்கு அமெரிக்காவில் 2014-இல் ஒப்புதல் கிடைத்தது; விலையைக் கேட்டால் தூக்கம் முழுவதுமாகப் போய்விடும் என்பதால் உங்கள் நிலைக்கு அதைப் பேசவில்லை.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஒருக்களித்துப் படுக்கும் பழக்கத்தையும் வாய்க்கருவியையும் தேர்ந்துகொள்வேன். மூன்று மாதம் கழித்து, வாய்க்கருவியை அணிந்தபடியே ஸ்லீப் ஸ்டடியை மறுபடி செய்துகொள்வேன். இந்த இரண்டாவது சோதனையைத்தான் நம்மூரில் பெரும்பாலோர் செலவென்று விட்டுவிடுகிறார்கள். குறட்டை நின்றுவிட்டதே என்பது அதற்கு மாற்றாகாது. எண் 5-க்குக் கீழே வந்து பகல் சோர்வும் போயிருந்தால் அறுவையை மறந்துவிடலாம். வராவிட்டால் சிபாப் கருவியை ஒரு மாத வாடகைக்கு எடுத்துப் பார்க்கலாம்.

கேள்வி: என் எடை 104 கிலோ. எடை குறைக்கும் புதிய ஊசி போட்டுக்கொண்டால் சிபாப் கருவியைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?
– வாசகர், சென்னை

பதில்: முதல் பாதியில் உண்மை இருக்கிறது. எடைக்கும் மூச்சுத்தடைக்கும் உள்ள உறவு நன்கு அளக்கப்பட்டது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில், எடை பத்து விழுக்காடு குறைந்தபோது ஏ.எச்.ஐ. ஏறத்தாழ 26 விழுக்காடு குறைந்தது. டிர்செபடைடு என்ற ஊசி மருந்தை, உடற்பருமனோடு நடுத்தர அல்லது கடுமையான மூச்சுத்தடை உள்ளவர்களுக்காக அமெரிக்க மருந்து ஆணையம் 2024 டிசம்பரில் ஏற்றுக்கொண்டது; இந்நோய்க்கென்றே ஒப்புதல் பெற்ற முதல் மருந்து அதுதான். ஓராண்டு நடந்த சோதனையில் மருந்து பெற்றவர்களுக்கு மணிக்கு 25 முதல் 29 தடைகள் வரை குறைந்தன. வெற்று ஊசி பெற்றவர்களுக்குக் குறைந்தது ஐந்து போல. 2025 மார்ச் முதல் இந்தியாவிலும் அம்மருந்து விற்பனையில் உள்ளது.

ஆனால் அச்சோதனையில் சேர்ந்தவர்கள் சராசரியாக மணிக்கு ஐம்பது தடைகளோடு தொடங்கியவர்கள். பாதியாகக் குறைந்த பிறகும் பலருக்குச் சிகிச்சை தேவைப்படும் அளவு எஞ்சியிருந்தது. எடை குறைய மாதங்கள் ஆகும். தொண்டையோ இன்றிரவே அடைபடுகிறது. எனவே ஊசி தொடங்கினாலும் கருவி தொடரட்டும். எடை பத்துப் பதினைந்து கிலோ இறங்கியதும் மறுபடி சோதித்து, அழுத்தத்தைக் குறைக்கலாமா, நிறுத்தலாமா என்று முடிவு செய்யலாம். ஊசியை நிறுத்தினால் எடை திரும்பக்கூடும், அதோடு நோயும். குமட்டலும் வயிற்றுக் கோளாறும் பொதுவான பக்கவிளைவுகள். கணையத்தில் அழற்சி வந்தவர்களும் குடும்பத்தில் ஒருவகைத் தைராய்டு புற்றுநோய் உள்ளவர்களும் மருத்துவரிடம் அதைச் சொல்லாமல் தொடங்கவே கூடாது.

கேள்வி: தினமும் சங்கு ஊதினால் குறட்டை நோய் தீரும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. நம்பலாமா?
– வாசகி, காஞ்சிபுரம்

பதில்: வாட்ஸ்அப்பில் வருவனவற்றில் பாதி உண்மையாவது உள்ள அரிய செய்தி இது. ஜெய்ப்பூரில் மருத்துவர்கள் நடுத்தர மூச்சுத்தடை உள்ள முப்பது பேரிடம் இதைச் சோதித்து 2025-இல் வெளியிட்டார்கள். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், ஆறு மாதம் சங்கு ஊதியவர்களுக்குப் பகல் உறக்கம் தெளிவாகக் குறைந்தது. மூச்சுத்தடைகளும் மணிக்கு நான்கைந்து குறைந்தன. 2006-இல் சுவிட்சர்லாந்தில், ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் டிஜரிடூ என்னும் நீண்ட குழலை ஊதப் பழக்கியபோதும் இது போன்ற பலன் கிடைத்தது. தொண்டைத் தசைகளுக்கு அது ஓர் உடற்பயிற்சி. நம் நாதஸ்வரக் கலைஞர்களைச் சோதித்துப் பார்க்க எனக்கு நெடுநாள் ஆசை.

ஆனால் முப்பது பேர் மிகச் சிறிய எண்ணிக்கை. ஏ.எச்.ஐ. 17 உள்ளவருக்கு நான்கைந்து குறைவது நல்ல உதவி; 40 உள்ளவருக்கு அது போதாது. மற்றச் சிகிச்சையோடு சேர்த்து ஊதுங்கள். கண் நீரழுத்த நோயோ குடலிறக்கமோ இருந்தால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: என் வயது 54. மாதவிடாய் நின்று நான்கு ஆண்டுகளாகின்றன. இரவில் பலமுறை விழிப்பு, காலையில் தலைவலி, நாள் முழுவதும் சோர்வு. தனியாக உறங்குவதால் குறட்டை விடுகிறேனா என்று தெரியாது. தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கும் இந்நோய் இருக்குமா?
– வாசகி, மதுரை

பதில்: இருக்கக்கூடும். கும்பகர்ணன் கதை கேட்டு வளர்ந்த நமக்குக் குறட்டை என்றால் பருத்த ஆண் உருவமே கண்முன் வருகிறது. அதனால் பெண்களின் நோய் மனச்சோர்வு என்றும் தூக்கமின்மை என்றும் பெயர் மாற்றிப் போய்விடுகிறது. மாதவிடாய் நின்றபின் ஹார்மோன்களின் பாதுகாப்பு குறைவதால் பெண்களிடம் மூச்சுத்தடை கூடுகிறது. பெண்கள் பெரும்பாலும் பகலில் தூங்கி விழுவதாகச் சொல்வதில்லை. நீங்கள் எழுதியதைப் போலச் சோர்வு, தலைவலி, துண்டுபட்ட உறக்கம் என்றே சொல்கிறார்கள். சில தூக்க மாத்திரைகளும் மதுவும் தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்தி, மூளை விழித்தெழுவதையும் தாமதப்படுத்தக்கூடியவை. ஆகவே மாத்திரை எழுதிய மருத்துவரிடமே திரும்பச் சென்று, ஸ்லீப் ஸ்டடியும் தைராய்டு சோதனையும் செய்துவிட்டு அதைத் தொடரலாமா என்று கேளுங்கள். வெகுநாள் உட்கொண்ட மாத்திரையை நீங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம்.

கேள்வி: ஆறு வயதுப் பேரன் வாயைத் திறந்தபடி உறங்குகிறான், குறட்டை விடுகிறான், படுக்கையை நனைக்கிறான். சிபாப் வாங்க வேண்டுமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: பெரும்பாலும் வேண்டியிராது. இந்த வயதில் முதற்காரணம் பெருத்த டான்சிலும் மூக்குக்குப் பின்னுள்ள அடினாய்டு என்ற சதையும்தான். அவற்றை நீக்கும் அறுவையே குழந்தைகளுக்கு முதல் சிகிச்சை. பெரியவர்களுக்குச் சொன்ன எண்களை அவனுக்குப் பொருத்தாதீர்கள். குழந்தைகளுக்கு மணிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தடையே இயல்புக்கு மாறானது. அவன் பகலில் சோர்ந்து விழாமல் துறுதுறுவென்று கவனமின்றி இருக்கலாம். பள்ளியில் அதைக் குறும்பு என்பார்கள்.

கேள்வி: வயது 68. ஓய்வூதியத்தில் வாழ்கிறேன். சிபாப் வாங்கச் சொல்லிவிட்டார்கள். பழைய கருவி ஒன்று குறைந்த விலைக்கு வருகிறது, வாங்கலாமா? மின்வெட்டு வந்தால் மூச்சு முட்டுமா? அடுத்த மாதம் எனக்குக் குடலிறக்க அறுவை இருக்கிறது; அதுவரை காத்திருக்கலாமா?
– வாசகர், வேலூர்

பதில்: பழைய கருவியில் மூன்றைப் பாருங்கள். முதலாவது, அதன் உற்பத்தி எண். ஒலியடக்கும் நுரை சிதைந்து துகள்கள் மூச்சில் கலக்கக்கூடும் என்று பிலிப்ஸ் நிறுவனம் தன் கருவிகளில் பலவற்றை 2021 ஜூனில் உலகெங்கும் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அவற்றில் சில இன்னும் கைமாறிக்கொண்டிருக்கக்கூடும். இரண்டாவது, அழுத்தம் முன்பு வைத்திருந்தவருக்காக அமைக்கப்பட்டது. உங்கள் அறிக்கைப்படி அதை மாற்றித் தர ஒருவர் வேண்டும். மூன்றாவது, மாஸ்க்கும் குழாயும் வடிகட்டியும் புதிதாகவே இருக்க வேண்டும். பிறர் மாஸ்க்கை எக்காரணம் கொண்டும் அணியாதீர்கள். காப்பீட்டுப் பாலிசிகள் பலவற்றில் சிபாப் கருவி பணம் தரப்படாத பொருள்களின் பட்டியலில் இருக்கிறது. நீங்கள் மத்திய அரசு ஓய்வூதியர் என்றால் சி.ஜி.எச்.எஸ். என்ற மத்திய அரசு மருத்துவத் திட்டத்தின் மூலம், முன் அனுமதி பெற்று, புதிய கருவிக்கே பணம் பெற வழி உண்டு. அதை விசாரிக்காமல் பழையதற்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

மின்சாரம் நின்றால் மூச்சு முட்டாது. மாஸ்க்கில் காற்று வெளியேறும் துளைகள் இருக்கின்றன. வாயையும் மூடும் வகை மாஸ்க்கில் அவசர வால்வும் உண்டு. நீங்கள் விழித்துக்கொள்வீர்கள், அவ்வளவுதான். வீட்டு இன்வெர்ட்டரில் கருவி இரவு முழுவதும் ஓடும். ஈரப்பதமூட்டியின் சூடாக்கிதான் மின்சாரத்தைக் குடிப்பது, அதை அணைத்துவிட்டால் பேட்டரி நெடுநேரம் நிற்கும். ஈரப்பதமூட்டியில் குழாய் நீரை ஊற்றாமல் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். வேலூர்த் தண்ணீரின் உப்பு இரண்டே வாரத்தில் தொட்டியில் வெள்ளைப் படலமாகப் படியும். ரயிலில் இரவு நேரத்தில் சார்ஜ் செய்யும் இணைப்பை நிறுத்திவிடுவதுண்டு என்பதால், நான் பயணங்களில் சிறிய பேட்டரி ஒன்றைக் கையோடு கொண்டுபோகிறேன்.

அறுவை வரை காத்திருக்க வேண்டாம். அதற்கு முன்பே தொடங்குவதுதான் நல்லது. மயக்க மருந்தும் அதன்பின் தரும் வலி மருந்துகளில் சிலவும் தொண்டையைத் தளர்த்தி மூச்சைத் தணிப்பவை. சிகிச்சை பெறாத மூச்சுத்தடை உள்ளவருக்கு அறுவைக்குப் பிந்தைய முதல் சில இரவுகளே ஆபத்து மிகுந்தவை. மயக்க மருத்துவர் உங்களைப் பார்க்க வரும்போது, அவர் கேட்காவிட்டாலும் ஸ்லீப் ஸ்டடி அறிக்கையை எடுத்துக் கொடுங்கள். அறுவைக்குச் சேரும் நாளில் கருவியையும் மாஸ்க்கையும் பையில் எடுத்துச் செல்லுங்கள். மயக்கம் தெளிந்து நீங்கள் கண்ணயரும்போதெல்லாம் அதை மாட்டிவிட வேண்டும் என்று, உங்களோடு இரவு தங்கப்போகிறவரிடம் முன்கூட்டியே ஒருமுறை மாட்டிக் காட்டிவிடுங்கள்.